கஹூட்டா, பிளிக்கர்ஸா: வகுப்பறை வினாவிடைக்கு எது?

நோர்வேயில் உருவாகி 2013இல் அறிமுகமான கஹூட் என்ற இணைய வினாவிடைச் செயலி, வினாவைத் திரையில் காட்டி, ஒவ்வொரு மாணவரும் தம் கைபேசியிலோ கணினியிலோ சிவப்பு முக்கோணம், நீலச் சாய்சதுரம், மஞ்சள் வட்டம், பச்சைச் சதுரம் ஆகியவற்றுள் ஒன்றை அழுத்தி விடையளிக்கச் செய்கிறது. சரியான விடையை விரைந்து தருபவருக்குக் கூடுதல் புள்ளி கிடைப்பதால் வகுப்பு களைகட்டும். நிதானமாகக் கணக்குப் போடும் பிள்ளை பின்தங்கிவிடுவதுதான் என் மனக்குறை.

பிளிக்கர்ஸ் செயலிக்கு ஆசிரியரின் கைபேசி ஒன்றே போதும். மாணவருக்குக் கொடுப்பது, கறுப்பு வடிவம் அச்சிட்ட, இலக்கமிட்ட ஒரு காகித அட்டை மாத்திரமே. அதன் நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி எழுத்துகள் பொடியாக இருக்கும்; தாம் தெரிவுசெய்த எழுத்து மேலே வரும்படி பிள்ளைகள் அட்டையைத் தூக்கிப் பிடிக்க, ஆசிரியர் கமராவை வகுப்பின் குறுக்கே மெல்ல நகர்த்தினால், விடைகள் பெயர்வாரியாகப் பதிவாகிவிடும். ஒவ்வோர் அட்டையும் வெவ்வேறு வடிவமாதலால் பக்கத்து மேசையைப் 'பார்த்தடிப்பது' எளிதல்ல.

அட்டை கசங்காதிருக்கட்டும் என்று நான் பளபளப்பாக லமினேற் செய்தது என் தவறு. திருகோணமலை வெயில் யன்னலோர மேசைகளில் பட்டுத் தெறித்ததில் கமராவுக்கு அட்டைகள் புலப்படவேயில்லை. வெறும் தடித்த தாளே நல்லது.

மூதூரிலோ குச்சவெளியிலோ, பிள்ளைகளிடம் கைபேசி இல்லாத வகுப்புக்கு நான் பிளிக்கர்ஸையே எடுப்பேன். கஹூட், இணைய இணைப்புள்ள கணினி அறையில், தவணைப் பரீட்சைக்கு முந்திய மீட்டலுக்கு.