மின்விசிறி அறையும் மேற்கு ஜன்னலும்: விடுதி தேடும் தம்பி தங்கைகளுக்கு

சித்தி மகன் தேசிய சேவையை, அதாவது கட்டாய ராணுவப் பணியை, முடித்துவிட்டு இந்த ஆகஸ்டில் இங்கே சிங்கப்பூரில் பல்கலைக்கழகம் போகிறான். "அக்கா, எந்த ஹால் நல்லா இருக்கும்? ஃபேன் ரூம் போதுமா, ஏர்கான் ரூம் எடுக்கணுமா?" என்று விடுதியைப் பற்றிக் கேட்டிருந்தான். வாட்ஸ்அப்பில் பதில் சொல்ல ஆரம்பித்தேன், சொல்லச் சொல்ல நீண்டுகொண்டே போனது. விண்ணப்பம் போடுகிற நேரம் என்பதால் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன். நான் இருந்த விடுதியின் பெயர் வேண்டாம். சொல்லப்போகும் விஷயம் எந்த விடுதிக்கும் பொருந்தும்.

தெரிந்த சங்கதிகளைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஹால் வேறு, உறைவிடக் கல்லூரி வேறு. கல்லூரியில் சேர்ந்தால் தங்குவதோடு அங்கே நடக்கும் பாடங்களையும் எடுக்க வேண்டும். ஹாலில் விளையாட்டு, நாடகம், நடனம் என்று மாலை முழுக்க ஓடும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இன்னும் எம்ஆர்டி ரயில் வரவில்லை, ஜூரோங் வட்டாரப் பாதை வந்தால்தான் உண்டு. அதுவரை பூன் லே அல்லது பயனியரில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். தீவின் மறுகோடியில் பாசிர் ரிஸ்ஸிலோ பொங்கோலிலோ வீடு இருக்கிறவர்கள் அங்கே தினமும் போய்வருவதை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம், விடுதிதான் சரி. இதெல்லாம் எந்தச் சீனியரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

யாரும் சொல்லாதது ஒன்று இருக்கிறது: அறையின் ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது?

முதல் வருடம் எனக்கு ஒதுக்கியது மேற்கு பார்த்த மின்விசிறி அறை. பெட்டிகளை இறக்க வந்த அம்மா ஜன்னலைப் பார்த்ததுமே "மேக்கு வெயில் அடிக்குமே" என்றார். வீவக வீடு (அரசு அடுக்குமாடி வீடு) வாங்கும்போது எங்கள் குடும்பங்களில் முதலில் கேட்கும் கேள்வி அது. விடுதி என்று வந்தால் மட்டும் ஏனோ யாருமே கேட்பதில்லை.

நம் ஊர்க் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. 1982 ஜனவரி 1 அன்று மலேசியாவோடு சேர்ந்து நேரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்ததிலிருந்து இப்படித்தான். உச்சிவெயில் இங்கே பன்னிரண்டுக்கு இல்லை, ஒரு மணியை ஒட்டி. அஸ்தமனம் ஏழை ஒட்டி. இதனால் விடுதி மாணவருக்கு என்ன வருகிறது என்று பாருங்கள். வகுப்பு முடிந்து நாலு மணிக்கு அறைக்கு வந்தால் மேற்கு வெயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் மீதி இருக்கிறது. அந்த நேரத்தில் சூரியன் தாழ்வாக இருப்பதால் ஜன்னலுக்கு மேலே இருக்கும் சன்ஷேடால் எந்தப் பயனும் இல்லை. வெயில் நேராக மேசைக்கு வந்து, மடிக்கணினித் திரையில் விழுந்து, மெத்தையைச் சூடாக்கிவிட்டுத்தான் போகும்.

போன பிறகும் விடாது. கான்கிரீட் சுவர் பகலெல்லாம் குடித்த சூட்டை இரவில் உள்ளே விடும். பதினொரு மணிக்குச் சுவரில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் சுழற்றித் தருகிறது. காற்றில் எப்போதும் ஈரம் நிற்பதால் வியர்வையும் சட்டென்று காயாது. எங்கள் தளத்தில் மதுரையிலிருந்து வந்த ஒரு தங்கை இருந்தாள். "எங்க ஊர் வெயில் சுடும்க்கா, ஆனா நிழலுக்குப் போனா விட்டுரும். இது விட மாட்டேங்குது" என்பாள். இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

பருவக்காற்று மாறும் அக்டோபர், நவம்பரில் காற்றே அசையாத நாட்கள் வரும். தேர்வுக்கு உட்கார்ந்து படிக்க வேண்டிய காலமும் அதுவேதான். புகைமூட்டம் வந்த வருடமாக இருந்தால் ஜன்னலையும் சாத்த வேண்டும். மின்விசிறி அறையில் ஜன்னலைச் சாத்தினால் அப்புறம் நூலகம்தான் கதி.

எனக்குக் கோபம் வெயில்மேல் இல்லை. ஜன்னலுக்கு வெயில் தடுக்கும் ஒட்டுத்தாளோ தடித்த திரையோ போட்டுத் தாருங்கள் என்று விடுதி அலுவலகத்துக்குப் பலமுறை எழுதினேன். வெப்பம் குறித்த புகார் என்று பதிந்துகொண்டு ஆள் அனுப்பினார்கள். வந்தவர் பாவம், கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்தார்: நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டிப் போனார். ஜன்னல் அப்படியே இருந்தது. நடைவழியின் எதிர்ப்பக்க அறைகள் கிழக்கு பார்த்தவை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே கட்டணம். ஒரு வெள்ளிகூட வித்தியாசம் இல்லை. இதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. ஒதுக்கும்போது திசையைச் சொல்லிவிடுவதில் என்ன கஷ்டம்?

சரி, கிழக்குப் பக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். டிசம்பர், ஜனவரியில் நாள் கணக்கில் மழை பிடிக்கும்போது எதிர் அறைத் தோழிகளின் அலமாரிகளில் பூஞ்சை பூத்துவிடும். ஒருத்தி பொங்கலுக்குக் கட்ட எடுத்த பட்டுச்சேலையில் புள்ளி புள்ளியாக வெள்ளை. தோல் செருப்பு, புத்தக அட்டை எதுவும் தப்பவில்லை. என் அறையில் பூஞ்சை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. துவைத்த துணி ஒரே மாலையில் மொறமொறவென்று காய்ந்துவிடும். அவர்கள் துணியும் என் ஜன்னலோரத்தில்தான் காய்ந்தது.

இன்னொன்றும் மேற்கு ஜன்னல் எனக்குத் தந்தது. முதல் செமஸ்டர் தொடங்கும் ஆகஸ்ட், செப்டம்பரில் சில நாள் விடியற்காலையில் சுமத்ராப் பக்கத்திலிருந்து மழைக்காற்று கிளம்பி வரும். வானிலைச் செய்தியில் சுமத்ரா ஸ்குவால் என்பார்கள். மேற்கிலிருந்து வருவதால் எங்கள் பக்கத்து ஜன்னலுக்குத்தான் முதலில். அறை முழுக்கச் சில்லென்று காற்று நிரம்பும்போது போர்வையைத் தேட வேண்டியிருக்கும். ஏர்கானில் அப்படிக் குளிர்ந்து நான் தூங்கியதில்லை.

மாலையில் அறைக்குள் இருக்க முடியாததால் மேற்குப் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் நடைவழிக்கு வந்துவிடுவோம். தரையில் உட்கார்ந்து படிப்போம். எதிர் அறைக்காரர்கள் கதவைத் திறந்து வைத்து, அவர்கள் காற்றை எங்களுக்கும் விடுவார்கள். பினாங்கிலிருந்து வந்தவள், ஹனோயிலிருந்து வந்தவள், உட்லண்ட்ஸ்காரி, மதுரைத் தங்கை என்று எல்லாரும் அந்தத் தரையில்தான் சேர்ந்தோம். தீபாவளிக்கு அம்மா கொடுத்துவிட்ட முறுக்கு டப்பா நடைவழியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்க் காலியாகத் திரும்பும். குளிரூட்டிய தளங்களில் என் வகுப்புத் தோழிகள் இருந்தார்கள். அங்கே கதவுகள் சாத்தியே இருக்கும், குளிர் போய்விடும் இல்லையா. பக்கத்து அறையில் யார் என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. இரண்டாம் வருடம் எனக்குக் கிழக்கு அறை தருவதாகச் சொன்னார்கள், வேறு தளத்தில். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுபடி கேட்டாலும் அதையேதான் எழுதுவேன்.

ஆனால் தம்பி, நீ ஏர்கான் அறை எடு. "தெக்கோங்கில் படுத்தவனுக்கு ஃபேன் போதாதா" என்று கேட்டாயே, அந்த ராணுவப் பயிற்சித் தீவில் களைத்து விழுந்து தூங்கினாய். இங்கே அந்த அறையில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். என்னைப்போல நாலு வருடம் நீயும் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு இரு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல இடங்களில் ஏர்கானுக்கு முன்பணம் கட்டிவிட்டு, ஓட்டுகிற அளவுக்குக் கழித்துக்கொள்வார்கள். இரவு படிக்கும்போது மட்டும் போட்டுவிட்டு, தூங்கும்போது அணைத்து மின்விசிறியை ஓடவிட்டால் செலவு கைமீறாது.

சித்தப்பா அறைக் கட்டணத்தைப் பார்த்து யோசித்தால், மின்விசிறி அறையே கேள், ஆனால் திசையை விசாரித்துவிட்டு. புளோக் எண் தெரிந்தால் போதும், கைப்பேசி வரைபடத்தில் கட்டடம் எப்படி நிற்கிறது என்று தெரிந்துவிடும். நீளவாக்குச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்த்திருந்தால் நல்லது. வடக்கு ஜன்னலில் வெயில் சாய்ந்து விழுவது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அதில் பாதி நாள் உனக்கு விடுமுறை. மேல்மாடியாக இருந்தால் கூரைச் சூடும் சேரும், அதையும் தவிர்த்துவிடு. விடுதியை நேரில் பார்க்கப் போனால் காலையில் போகாதே. மாலை ஐந்து மணிக்குப் போய், மேற்குப் பக்கத்து அறை ஒன்றில் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்.