சீல் பிரிக்காத பெட்டியா, தரம் பார்த்த ஒற்றைக் கார்டா?

பத்து வருடம் வைத்திருந்து விற்கலாம் என்று விளையாட்டு வீரர்களின் படம் போட்ட சேகரிப்புக் கார்டு வாங்குகிறவர்களுக்கு முன்னால் வழக்கமாக இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று, கார்டு பாக்கெட்டுகள் அடங்கிய சீல் பிரிக்காத பெட்டி. இன்னொன்று, பிஎஸ்ஏ போன்ற நிறுவனம் 1 முதல் 10 வரை தரம் போட்டு, கெட்டி பிளாஸ்டிக்கில் அடைத்துத் தரும் ஒற்றைக் கார்டு. அதை ஸ்லாப் என்பார்கள். நான் இரண்டையும் வாங்கினேன். இனி ஸ்லாப் மட்டும்தான்.

மற்றவர்கள் பிரிக்கப் பிரிக்கப் பெட்டிகள் குறையும், விலை ஏறும் என்பது பெட்டிக்காரர்களின் கணக்கு. அளவாக அச்சடித்திருந்தால் சரி. 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் பேஸ்பால் கார்டுகளை மலைமலையாக அச்சடித்தார்கள். அந்தக் காலப் பெட்டிகள் பல இன்னும் மலிவாகவே கிடைக்கின்றன.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது நம் ஊர் வெயில். வேலூரை வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள்? சத்துவாச்சாரியில் எங்கள் வீடு மேல்மாடி. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டினால், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரண் அடுப்புதான். ஐப்பசி, கார்த்திகையில் அதே பரணில் ஈரம். மூன்று கோடை அங்கே இருந்த பெட்டியைப் பிரித்தபோது, பளபளப்புப் பூச்சுள்ள கார்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகக் கிடந்தன. விரலால் நெம்பினால் வீரரின் முகம் உரிந்து வந்தது. ஃபாயில் கார்டுகள் அப்பளம் போல வளைந்திருந்தன. வெளியே சீல் மட்டும் அப்படியே இருந்தது.

பெட்டியில் இதுதான் சிக்கல். பிரிக்காமல் உள்ளே பார்க்க முடியாது, பிரித்தால் பெட்டிக்கு உண்டான விலை போய்விடும். வாங்க வருகிறவருக்கும் இதே பயம், கூடவே யாராவது பிரித்து மறுபடி ஒட்டியிருப்பார்களோ என்ற சந்தேகமும்.

ஸ்லாப்பை எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். அதிலுள்ள எண்ணை வாங்குகிறவரே நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்வார். அதற்காக அது காற்றுப் புகாத பெட்டகம் இல்லை. வெளிச்சம் பட்டால் கார்டில் வீரர் போட்ட கையெழுத்து மங்கும். கீழ் வீட்டு பீரோவில், மூடிய டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு வைத்திருக்கிறேன்.

தரம் பார்க்க நானாகக் கார்டு அனுப்பியதில்லை, தரம் போட்டு வந்ததைத்தான் வாங்கினேன். இன்னும் ஒன்றைக்கூட விற்கவும் இல்லை. அரைப் பவுன் தங்கக் காசென்றால் இங்கே பல நகைக்கடைகளில் அன்றைக்கே பணமாக்கலாம், கார்டுக்கு இணையத்தில் ஆள் தேடிக் காத்திருக்க வேண்டும். அதனால் அவசரத்துக்கு வேண்டிய பணத்தை நான் இதில் போடவில்லை.