சாட்ஸ்வொர்த் வீட்டில் இருட்டடிப்புத் திரை: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

கடந்த அக்டோபரில் எங்கள் கிடங்கின் வேலைநேரத்தை மாற்றியமைத்தபோது, பதினோரு ஆண்டுகளாகப் பகலில் வேலை பார்த்துவந்த என்னை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையிலான ஷிப்டுக்கு மாற்றினார்கள். இது நான் கேட்டுப் பெற்ற மாற்றம் அன்று. மகளின் பள்ளி நேரத்தையும், அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய நாள்களையும் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன்; ஷிப்ட் மாற்றத்துக்குச் சம்மதிக்கும் வரி என் வேலை ஒப்பந்தத்தில் முன்பே இருந்ததால் பேச்சு அதோடு முடிந்துவிட்டது. முதல் ஐந்து வாரங்கள் நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் நான் உறங்கவில்லை. அந்த நிலையிலிருந்து என்னை மீட்ட பொருள்களுள் முதன்மையானது படுக்கையறைச் சன்னலுக்குத் தைத்து வாங்கிய இருட்டடிப்புத் திரை என்பதால், அதைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன்.

நான் வசிக்கும் சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த பகுதி. டர்பனில் இரவுப் பணி பார்ப்பவருக்கு வெளிச்சம்தான் பெரிய எதிரி. நாடு முழுவதற்கும் ஒரே நேரக் கணக்கு இருக்க, நாம் அதன் கிழக்கு ஓரத்தில் வாழ்வதால், இங்கே கோடைக்காலமான டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடுகிறது. ஆறு மணிக்குப் புறப்படும் வண்டி ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் ஏறும்போது வெயில் நேராக முகத்தில் அடிக்கும். கண்ணில் படும் அந்த ஒளியைக் கொண்டே மூளையின் அடியிலுள்ள ஒரு சிறு நரம்பணுத் தொகுதி உடலின் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறது. இருட்டில் சுரந்து உறக்கத்துக்கு வழிவிடும் மெலடோனின், வெளிச்சம் பட்டதும் குறைந்துவிடுகிறது. அதனால் எவ்வளவு களைத்து வந்து படுத்தாலும் ‘பொழுது விடிந்துவிட்டது, எழுந்திரு’ என்றே உடல் சொல்லிக்கொண்டிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடற்கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலையை 2007-ஆம் ஆண்டிலேயே மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றின் வரிசையில் சேர்த்தது. 2019-இல் மீண்டும் ஆராய்ந்தபோதும் அந்த வகைப்பாட்டை மாற்றவில்லை. இதை அறிந்த பிறகு, நான்கு மணி நேர உறக்கத்தைப் பழகிக்கொள்ள வேண்டிய சிறு துன்பமாக எண்ண என்னால் முடியவில்லை.

முதலில் வாங்கியது கண்பட்டை. நவம்பர் மாதப் புழுக்கத்தில் அது வியர்வையில் நனைந்து, புரண்டு படுக்கும்போதெல்லாம் நெற்றிக்கு ஏறிவிட்டது. அடுத்து, பேரங்காடி ஒன்றில் 650 ராண்டுக்கு ஆயத்தத் திரை வாங்கினேன். வெளிச்சத்தை முழுமையாகத் தடுக்கும் என்று அதன் உறையில் அச்சிட்டிருந்தது. துணியைப் பொறுத்தவரை அது உண்மைதான்; அதைச் சூரியனுக்கு நேராகப் பிடித்தாலும் ஒளி ஊடுருவவில்லை. ஆனால் திரைக்கம்பிக்கு மேலிருந்த இடைவெளி வழியாகக் கூரைக்கும், இரு பக்கங்களிலும் சுவரை ஒட்டி அறைக்குள்ளும் வெளிச்சம் பாய்ந்தது. தையல் ஊசி துளைத்த இடங்கள் வரிசையாகப் புள்ளிப் புள்ளியாக ஒளிர்ந்தன. காலை ஒன்பது மணிக்கு அந்த அறையில் செய்தித்தாள் படிக்க முடிந்தது.

பிறகுதான் சாட்ஸ்வொர்த்திலேயே திரை தைத்துக் கொடுக்கும் ஒரு சிறிய கடைக்குப் போனேன். கடைக்காரர் அறுபது வயதைத் தாண்டியவர். “தம்பி, துணி எவ்வளவு கறுப்பு என்பதைப் பார்க்காதே, ஓரம் எங்கே முடிகிறது என்று பார்” என்றார். நல்ல உட்துணியில் வெள்ளை, கறுப்பு, வெள்ளை என மூன்று பூச்சுகள் இருக்கும் என்றும், நடுவிலுள்ள கறுப்பு ஒளியைத் தடுக்க, வெளிப்புற வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும் என்றும் விளக்கினார். அந்த உட்துணியை முன்துணியோடு சேர்த்துத் தைக்காமல், மேல் பட்டையில் மட்டும் இணைத்துத் தனியாகத் தொங்கவிட்டார்; அதனால் ஊசித் துளைகள் ஒன்றன்மேல் ஒன்று விழவில்லை. சன்னல் சட்டத்துக்கு இரு புறமும் இருபது சென்டிமீட்டர் கூடுதலாக அளந்து, முனைகள் சுவர்வரை வளையும் கம்பியைப் பொருத்தி, மேலே மரப்பலகையில் பெல்மெட் (திரைக்கம்பியை மறைக்கும் பெட்டி) அடித்து, பக்க ஓரங்களை வெல்க்ரோ பட்டையால் சுவரோடு ஒட்டினார். எல்லாம் சேர்த்து 2,350 ராண்ட். மாட்டி முடித்த நண்பகலில் கதவைச் சாத்திவிட்டுக் கையை முகத்துக்கு முன்னால் நீட்டினேன், விரல்கள் தெரியவில்லை. கதவின் அடியில் மட்டும் ஒரு கீற்று வெளிச்சம் இருந்தது. அதைச் சுருட்டிய துண்டு மறைத்தது.

இரண்டு வாரங்களில் என் உறக்கம் ஆறு மணி நேரத்தை எட்டியது. பகல் வேலையில் இருந்தபோது உறங்கிய ஏழரை மணி நேரம் இன்றுவரை திரும்பவில்லை. ஆயினும் வேலையில் பொருள்களின் எண்ணைத் தவறாக வாசிப்பது நின்றது, மகளிடம் எரிந்து விழுவதும் குறைந்தது.

குறைகளும் உண்டு. சொன்ன நாளுக்கு ஒன்பது நாள் கழித்தே திரை வந்தது. பூச்சின் நெடி பத்து நாள் வரை போகவில்லை. சன்னலைத் திறந்து வைத்தால் காற்றில் திரை விலகுகிறது, மூடினால் ஜனவரியில் அறை அடுப்பாகிவிடுகிறது. மின்விசிறி இல்லாமல் இந்தத் திரையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பூச்சு வெடித்துவிடும் என்பதால் சலவை இயந்திரத்தில் போடக் கூடாது. நம் ஊர் ஈரப்பதத்தில் பின்புறம் பூஞ்சை பிடிக்காமலிருக்க, மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து உலரவிட வேண்டும்.

திரை ஒலியைத் தடுக்காது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. எங்கள் வீடு, இங்குள்ள பல வீடுகளைப் போல, பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டது. அங்கே ஒலிக்கும் வானொலி என் தலையணைக்குள் ஒலிப்பது போலிருக்கும். ஹடீடா பறவைகளின் கூச்சலுக்கும் மைனாக்களின் சண்டைக்கும் நுரைக் காதடைப்பான் போதுமானது. அதை நன்றாக உருட்டி, காது மடலை மேலே இழுத்துச் செருகி, விரியும்வரை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். வானொலிக்கு மட்டும், நேரில் போய் என் நிலையைச் சொன்னதே மருந்தாயிற்று. பக்கத்து வீட்டு அக்கா அன்றிலிருந்து பகல் இரண்டு மணி வரை அதைச் சமையலறைக்குக் கொண்டுபோய்விடுகிறார்.

இந்தச் செலவைச் செய்வதற்கு முன் உங்கள் உரிமையையும் கேட்டுப் பெறுங்கள். 1997-ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, மாலை 6 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடைப்பட்ட வேலைக்கு ஒப்புதல் வேண்டும் என்றும், அதற்கு ஈடாகப் படியோ குறைந்த வேலைநேரமோ தர வேண்டும் என்றும், வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே போக்குவரத்து வசதி இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. குறிப்பிட்ட வருமான வரம்பைக் கடந்தவர்களுக்கு இந்தப் படியும் போக்குவரத்தும் பொருந்தா. இரவு 11 முதல் காலை 6 வரை வழக்கமாக வேலை செய்வோர், அதாவது மாதத்தில் ஐந்து முறையாவது ஆண்டில் ஐம்பது முறையாவது செய்வோர், மருத்துவப் பரிசோதனை கேட்கலாம். எங்களுக்கு மேலாளர் இதைச் சொல்லவில்லை. தொழிற்சங்கத் தோழர் ஒருவர் சொன்ன பிறகே கேட்டோம். எனக்குக் கிடைத்த முதல் இரண்டு மாத இரவுப் படிதான் இந்தத் திரைக்குப் போயிற்று.

ஏப்ரலில் சுவர்ச் சாயம் ஈரத்தில் உரிந்து, ஒரு பக்கத்து வெல்க்ரோ பிடி விட்டது. சொன்னதும் கடைக்காரரே வந்து, அந்த இடத்தில் மெல்லிய மரச்சட்டம் ஒன்றைத் திருகாணியால் பொருத்தி, அதன் மேல் புதிய பட்டையை ஒட்டிவிட்டு, சட்டத்துக்கு மட்டும் 120 ராண்ட் வாங்கிக்கொண்டார். அதன்பின் அது அசையவில்லை. நீங்கள் தைக்கக் கொடுப்பதானால் அந்தச் சட்டத்தை முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.