ஸ்டென்சில்: கடையில் வாங்குவதா, கையால் வெட்டுவதா?

ஆர்ட் ஜர்னலுக்கு, அதாவது ஓவியமும் எழுத்தும் கலந்த நோட்டுக்கு, ஸ்டென்சில் (வடிவங்களைத் துளைகளாக வெட்டிய தகடு) வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது டிசைனை. மண்டலா, இலைக்கொடி, செங்கல் சுவர், தேன்கூடு என்று கண்ணைப் பறிக்கும். என்னைக் கேட்டால் கடைசியாகப் பார்க்க வேண்டியது அதுதான். துளைகள் வழியாக எதைத் தள்ளப்போகிறோம், அடியில் இருப்பது என்ன காகிதம், அது தனித்தாளா, ஏற்கெனவே தைத்த நோட்டா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கான்வாஸில் பிரமாதமாக வந்த ஒன்று, தினமும் மூடித் திறக்கும் ஜர்னலில் காலை வாரிவிடுவது இவற்றைக் கேட்டுக்கொள்ளாததால்தான்.

கடையில் கிடைக்கும் நல்ல ஸ்டென்சில்கள் பெரும்பாலும் மைலார் எனப்படும் பாலியெஸ்டர் படலத்தில் லேசரால் வெட்டப்பட்டவை. தடிமன் 0.13 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை இருக்கும். இவற்றின் தனிப்பலம் டெக்ஸ்சர் பேஸ்ட், அதாவது காய்ந்ததும் மேடாக நிற்கும் கெட்டியான பசை. பேஸ்ட்டை பாலெட் கத்தியால் சாய்த்து இழுக்கும்போது பக்கத்தில் எழும் மேட்டின் உயரம் ஏறக்குறைய ஸ்டென்சிலின் தடிமன்தான். மெல்லிய தாளில் இழுத்தால் மேடு அவ்வளவாகத் தெரியாது; 0.25 மில்லிமீட்டரில் இழுத்தால் பக்கவாட்டு வெளிச்சத்தில் மெல்லிய நிழல் விழும். வேலை முடிந்ததும் மைலாரை உடனே கழுவிவிடலாம். மறந்துபோய் அக்ரிலிக் காய்ந்துவிட்டாலும், சானிடைசரைத் தடவிச் சிறிது நேரம் விட்டால் தோலாக உரிந்து வரும். கொதிநீரும் ஹீட் கன்னும் மட்டும் ஆகாது. பாலியெஸ்டர் சூட்டில் நெளியும். ஒருமுறை நெளிந்த தகடு அதற்குப் பிறகு காகிதத்தோடு ஒட்டிப் படியாது.

குறை என்னவென்றால், உங்கள் பக்கத்தில் இருக்கும் அதே தேன்கூடு இன்னும் ஆயிரம் பேருடைய பக்கத்திலும் இருக்கும். அதைவிடப் பெரிய குறை, லேசர் வெட்டித் தள்ளிய உள்துண்டுகள் நமக்கு வருவதில்லை. கையால் ஓர் இலையை வெட்டினால் இலை வடிவ ஓட்டை ஒன்று, இலையே ஒன்று என இரண்டு கருவிகள் கிடைக்கும். ஓட்டை வழியாக ஒரு பக்கத்தில் வண்ணம் ஏற்றலாம். இலையை எதிர்ப்பக்கத்தில் வைத்து அதைச் சுற்றி ஒற்றலாம். ஒரு பக்கத்தின் உருவம் அடுத்த பக்கத்தின் வெற்றிடமாக அமையும். ஜர்னல் போன்ற, இரண்டிரண்டு பக்கமாகத் திறக்கும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தி எனக்குத் தெரிந்து இல்லை.

கையால் வெட்டுவதென்றால் எதில்? புரொஜெக்டருக்குப் பயன்படும் கண்ணாடி போன்ற ஓ.எச்.பி. ஷீட் சுமார் 0.1 மில்லிமீட்டர். வெட்டுவது எளிது, அடியில் வைத்த படம் தெளிவாகத் தெரியும், கிட்டத்தட்ட எல்லா ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும். ஆனால் மூலைகளில் கத்தி கொஞ்சம் அதிகமாக ஓடிவிட்டால் அங்கிருந்தே கிழியத் தொடங்கும். பழைய எக்ஸ்ரே ஃபிலிம் அதைவிடத் தடிமன், சுமார் 0.18 மில்லிமீட்டர். கடை மைலாருக்குச் சரியான போட்டி இதுதான். ஒரு வேலை மட்டும் கூடுதல்: மேலே உள்ள ஜெலட்டின் பூச்சை நீக்கிவிட வேண்டும். இல்லையென்றால் ஈரம் பட்டதும் ஊறிப் பிசுபிசுக்கும். ப்ளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் ஊறப்போட்டுத் தேய்த்தால் கழன்று, இளநீலத் தகடு மிஞ்சும். கையுறை அவசியம். யாரோ ஒருவரின் விலா எலும்பும் பெயரும் வயதும் இதோடு கரைந்துபோவது ஒரு வகையில் நல்லதுதான்.

தமிழில் எழுத்து ஸ்டென்சில் வேண்டுமென்றால் கையால் வெட்டுவதைத் தவிர அநேகமாக வேறு வழியில்லை. கடையில் ஆங்கில எழுத்து எத்தனை அளவிலும் கிடைக்கும். நம் எழுத்து அரிது. வெட்டுவதும் லேசில்லை. ‘வீணை’ என்று ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வகரத்தின் சுழி, மேல்விலங்கின் சுழி, அதன் பின் மூன்று சுழி ண, அதற்கு முன்னால் ஐகாரக் கொம்பின் இரட்டைச் சுழி. மூடிய சுழியைச் சுற்றி வெட்டிய மறுகணம் நடுத்துண்டு உதிர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு சுழிக்குள்ளும் பாலம், அதாவது நடுத்துண்டை வெளித்தாளோடு பிணைக்கும் வெட்டாத பட்டை, விட வேண்டும். ஒரே பாலம் விட்டால் நடுத்துண்டு நாக்குபோல மேலெழும், வண்ணம் அடியில் புகும். எதிரெதிராக இரண்டு பாலம் விட்டால் நிற்கும். ஃபிலிமில் ஒன்றரை மில்லிமீட்டர் அகலம் போதும், அட்டையில் அதன் இரண்டு பங்கு தேவை. வளைவுகளை வெட்டும்போது கத்தியைத் திருப்பாமல் தாளைத் திருப்புங்கள். சுழி வழுவழுப்பாக வரும்.

அட்டையை ஏழைகளின் மைலார் என்று ஒதுக்குவது அநியாயம். தடித்த கல்யாணப் பத்திரிகை ஒன்று போதும், ஒரு மாலை வேலைக்குத் தாங்கும். ஈரம் குடித்துத் தொளதொளப்பதுதான் பிரச்சினை. ஜப்பானில் மியே மாகாணத்தின் சுசுகா வட்டாரக் கைவினைஞர்கள் கிமோனோ துணிக்குச் சாயமேற்றும் கதகாமி ஸ்டென்சில்களைக் காகிதத்தில்தான் வெட்டினார்கள். மல்பெரி நாரில் செய்த தாள்களைப் தக்காளி போன்ற தோற்றமுள்ள காக்கி (பெர்சிமன்) பழத்தின் துவர்ப்புச் சாற்றால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, நீர் புகாதபடி ஆக்கினார்கள். பாலம் விட இடமில்லாத நுண்ணிய வேலைகளில், உதிரக்கூடிய துண்டுகளைப் பட்டு நூல் கோத்துப் பிடித்து நிறுத்தினார்கள். நமக்கு அந்தப் பழச்சாறு வேண்டாம். வெட்டுவதற்கு முன் அட்டையின் இரு பக்கமும் அகலமான செலோடேப் ஒட்டினால் போதும். மதுரா, பிருந்தாவனம் பக்கத்தில் சாஞ்ஜி (Sanjhi) எனும் காகித வெட்டுக் கலையைச் செய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. கத்தரிக்கோலால் அவர்கள் வெட்டும் சல்லடை போன்ற காகித அச்சுகளின் வழியே விழுவது வண்ணப்பொடி. ஈரமே இல்லாத இடத்தில் பிளாஸ்டிக் எதற்கு? ஜர்னலில் சாஃப்ட் பேஸ்டலைச் சுரண்டிப் பொடியாக்கிப் பஞ்சால் தேய்க்கிறவர்களுக்கும் வெறும் காகித ஸ்டென்சிலே போதும்.

நம் ஊர்க் கடைத்தெருவில் கிடைக்கும் கோல அச்சும் பொடிக்கென்று பிறந்ததுதான். அதில் அக்ரிலிக்கை ஒற்றினால் துளைகள் அடைத்துக்கொள்ளும். பேஸ்டல் பொடிக்கு அருமை. ஆனால் விளிம்பு உயர்ந்த தட்டு வகை நோட்டின் மடிப்பருகே படியாது, தட்டையானதைத் தேடி வாங்குங்கள். ஃபேன்ஸி ஸ்டோர் மருதாணி ஸ்டிக்கர்கள் பின்பக்கம் ஒட்டிக்கொள்வதால் வண்ணம் கசியாது. ஆனால் கைக்காகிதத்தில் ஒட்டினால் எடுக்கும்போது நாரையும் பிய்த்துக்கொண்டு வரும். முதலில் துணியில் இரண்டு முறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

கசிவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் எல்லாரும் ஸ்டென்சிலைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி ஸ்பாஞ்சில் இருக்கும் அளவுக்கு மீறிய வண்ணம். மேக்கப் ஸ்பாஞ்சில் தொட்டதும் வேறொரு தாளில் நாலைந்து முறை ஒற்றி, ஏறக்குறைய காய்ந்துவிட்டது என்று தோன்றும்போது ஸ்டென்சிலுக்கு வாருங்கள். தேய்க்காமல் செங்குத்தாக ஒற்றினால் தொளதொளத்த பத்திரிகை அட்டைகூடக் கூர்மையான விளிம்பு தரும். சொரசொரப்பான கைக்காகிதத்தில் மட்டும் இது முழுதாகப் பலிக்காது. முதலில் ஒரு பூச்சு ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) தேவைப்படும்.

சரி, ஜர்னலுக்கு மையா, பேஸ்ட்டா? நான் மை பக்கம். பேஸ்ட் கவர்ச்சியானது, புகைப்படத்தில் அள்ளிக்கொண்டு போகும். ஆனால் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு மேடுகள் உரசினால் முனைகள் தேயும். நம் வெயிலிலும் புழுக்கத்திலும் அக்ரிலிக் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவில் பட்டர் பேப்பர் வைத்தே மூட வேண்டும். வீட்டிலேயே பேஸ்ட் செய்கிறவர்கள், பெயின்டர்கள் பட்டி பார்க்கும் சிமென்ட் புட்டியைக் கலக்க வேண்டாம். பக்கம் வளைந்ததும் அது விரிசல் விட்டு உதிரும். ஃபெவிகால், டால்கம் பவுடர், கொஞ்சம் வெள்ளை அக்ரிலிக் சேர்ந்த கலவைக்கு வளைந்துகொடுக்கும் தன்மை இருக்கிறது.

ஒன்றே ஒன்று வாங்குவதென்றால், சிறு துளைகள் நெருங்கிய ஒரு மைலார் வாங்குங்கள். புள்ளிகளோ வலையோ இருக்கட்டும். எந்தப் பின்னணிக்கும் ஒத்துப்போகும், அத்தனை நுணுக்கமாகக் கையால் வெட்டவும் முடியாது. பக்கத்தின் நாயகனாக நிற்கும் உருவத்தை, எழுத்தை, ஜன்னலை, பறவையை நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள். மிச்சப் பணத்தை நல்ல கட்டர் பிளேடுகளுக்குச் செலவழிக்கலாம்.

நோட்டை நீங்களே தைக்கிறீர்கள் என்றால், தைப்பதற்கு முன்பே மடித்த தாள்களை விரித்து வைத்து ஸ்டென்சில் வேலையை முடித்துவிடுங்கள். மடிப்பருகே தகடு தூக்கிக்கொள்ளும் தொல்லை இருக்காது. பேஸ்ட் வைத்தே தீருவேன் என்றால், அந்தத் தாள்களுக்கு இடையில் இரண்டு சென்டிமீட்டர் அகலக் காகிதக் கீற்றுகளை முதுகுப் பக்கம் சேர்த்துத் தையுங்கள். பழைய போட்டோ ஆல்பங்களில் இருப்பது போன்ற கீற்றுகள்தான். முதுகின் கனமும் வாய்ப்பக்கத்தின் கனமும் சமமாகி, நோட்டு வாய் பிளக்காமல் மூடும்.