ப்ராக் போறீங்களா? தட்டு கைக்கு வர்றதுக்கு முன்னாடி மொத்த விலையைக் கேட்டுடுங்க

ஒரு காகிதத் தட்டில் சுட்ட பன்றித் தொடைக்கறி, ஓரத்தில் இரண்டு துண்டு ரொட்டி. விலை 641 செக் கொருனா. யூரோவில் இருபத்தைந்துக்கு மேல், நம்ம ரூபாயில் இரண்டாயிரத்தைத் தாண்டிவிடும். போன அக்டோபரில் செக் நாட்டுத் தலைநகர் ப்ராக்கின் பழைய நகரச் சதுக்கத்தில், என் கல்லூரித் தோழர்கள் இருவரை நானே கூட்டிப்போய் நிறுத்திய முதல் கடையில் நடந்தது இது. இரண்டு பேரும் ஈரோட்டிலிருந்து முதல்முறையாக ஐரோப்பா வந்தவர்கள். நான் ஜெர்மனியில் நியூரம்பெர்க்கில் ஐந்து வருடமாக வேலை பார்ப்பவன். "உனக்கு இந்தப் பக்கமெல்லாம் அத்துப்படிடா மாப்ள, நீ எங்க கூட்டிட்டுப் போனாலும் சரி" என்றுதான் கிளம்பி வந்தார்கள். அவர்கள் காசு போனதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். உங்கள் பணமாவது மிஞ்சட்டும்.

அந்தக் கடையைப் பார்த்தால் யாருக்கும் நிற்கத் தோன்றும். 1410-இல் செய்த வானியல் கடிகாரம் ஒரு பக்கம், தேவாலயக் கோபுரங்கள் இன்னொரு பக்கம், நடுவில் விறகுத் தணலின் மேல் முழுத் தொடை சுழன்றுகொண்டிருக்கும். புகை வாசனை சதுக்கம் முழுக்கப் பரவியிருந்தது. பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு 149 என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே எறும்பளவு எழுத்தில் '100 கி' என்று இருந்ததை நாங்கள் பணம் கொடுத்த பிறகுதான் பார்த்தோம். கடைக்காரர் எவ்வளவு வேண்டும் என்று கேட்கவே இல்லை. கத்தியை எடுத்தார், மளமளவென்று வெட்டினார், தராசில் வைத்தார். தராசின் எண்கள் அவர் பக்கம் திரும்பியிருந்தன. 430 கிராம். "குறைச்சுக்குங்க" என்று சொன்னதற்கு, வெட்டியதை என்ன செய்வது என்று கையை விரித்தார். பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். நண்பன் கார்டை நீட்டிவிட்டான்.

இன்னொருவன் கறி சாப்பிடமாட்டான். பக்கத்துச் சட்டியில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் வதங்கிக்கொண்டிருந்தன. அதுவாவது மலிவாக இருக்கும் என்று நினைத்தோம். அதுவும் எடைக்குத்தான். 100 கிராம் 99 கொருனா என்று 380 கிராம் அள்ளிப் போட்டுவிட்டு 376 கொருனா வாங்கினார்கள். உருளைக்கிழங்குக்கு!

அங்கே விலையை மறைத்து யாரும் ஏமாற்றவில்லை. விலை எழுதித்தான் இருக்கிறது. ஆனால் எதற்கு அந்த விலை என்பதை நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் எழுதுகிறார்கள். அதனால் புகார் செய்வதும் எளிதில்லை. செக் நாட்டில் வணிக ஆய்வுத் துறை என்று ஒன்று இருக்கிறது, விலைப் பலகையே வைக்காத கடைமேல் அங்கே புகார் கொடுக்கலாம். பலகையில் 100 கிராம் என்று இருக்கும்போது போய் என்ன சொல்வது? கத்தி கறியைத் தொடுவதற்கு முன்னாலேயே 'ஸ்டோ கிராமூ' என்று சொல்லிவிடுங்கள். நூறு கிராம் என்று அர்த்தம். "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டு, அவர் எண்ணைச் சொன்ன பிறகு தலையாட்டுங்கள்.

சாயங்காலம் நடந்தது இதைவிட மோசம். சார்லஸ் பாலத்துக்குப் போகும் சந்தில் ஒரு பப். வாசல் பலகையில் பீர் 69 கொருனா. உள்ளே உட்கார்ந்து பார்த்தால் அந்த 69 கொருனா 0.3 லிட்டருக்கு. சரி போகட்டும் என்று மூன்று பீர் சொன்னோம். "பெரிசு தானே?" என்று கேட்டார் பரிமாறுபவர். செக் நாட்டில் பெரிய பீர் என்றால் அரை லிட்டர், அது எனக்குத் தெரியும். ஆமாம் என்றேன். ஒரு லிட்டர் குவளைகள் மூன்று வந்து இறங்கின. கூடவே ஒரு கூடையில் உப்புத் தூவிய முறுக்கு ரொட்டி. கொஞ்ச நேரத்தில் சின்னக் கண்ணாடிக் கிளாஸில் தேன் மதுபானம் மூன்று, "வெல்கம்!" என்ற சிரிப்போடு. நம்ம ஊரில் மெஸ்ஸில் உட்கார்ந்தால் ஊறுகாயும் அப்பளமும் கேட்காமலே இலைக்கு வரும். அந்தப் பழக்கத்தில் இதையும் எடுத்துக்கொண்டோம்.

பில்லை இன்னும் வைத்திருக்கிறேன், அப்படியே தருகிறேன். பீர் மூன்று, ஒவ்வொன்றும் 259 வீதம் 777. முறுக்கு ரொட்டி மூன்று, 225. தேன் மதுபானம் மூன்று, 357. உட்கார்ந்ததற்கு ஆளுக்கு 45 வீதம் 135. நாங்கள் கேட்டு வாங்கிய குலாஷ் என்ற கறிக்குழம்பு, பொரித்த சீஸ், சூப் மூன்றும் சேர்த்து 785. இவ்வளவுக்கும் மேல் 15 சதவீதம் சேவைக் கட்டணம். ஆக மொத்தம் 2,621 கொருனா, நூறு யூரோவுக்கு மேல். சேவைக் கட்டணம் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். மெனுவின் கடைசிப் பக்கத்தின் அடியைக் காட்டினார்கள். அரை மணி நேரம் பேசிய பிறகு, நண்பன் தொடாமல் வைத்திருந்த ஒரு கிளாஸ் மதுபானத்தை மட்டும் கழித்து 2,484 என்று போட்டார்கள். கேட்காமல் வந்ததில் தொட்டதற்கு மட்டும்தான் நீங்கள் பொறுப்பு, இதை மறக்காதீர்கள். கூடை வந்ததும் "இது நாங்க கேக்கலைங்க, எடுத்துக்குங்க" என்று சொல்லி மேசையை விட்டே அனுப்பிவிடுங்கள். கூச்சப்படாதீர்கள். நான் கூச்சப்பட்டேன், என் நண்பர்கள் பணம் கட்டினார்கள்.

அடுத்து பண மாற்றம். செக் நாட்டில் யூரோ நாணயம் கிடையாது, கொருனாதான். ஒரு யூரோவுக்குச் சுமார் 25 கொருனா கிடைக்க வேண்டும். மறுநாள் காலை நான் டிராம் டிக்கெட் எடுக்கப் போன நேரத்தில், ஒருவன் 200 யூரோவைத் தெருமுனைக் கவுன்டரில் மாற்றிவிட்டான். கமிஷன் கிடையாது என்று பலகை கட்டியிருந்தார்களாம். பெரிய எழுத்தில் இருந்தது அவர்கள் நமக்கு யூரோ விற்கும் விலை. நம்மிடமிருந்து வாங்கும் விலை 16.80. கையில் வந்தது 3,360 கொருனா. ஐயாயிரம் வந்திருக்க வேண்டிய இடத்தில்!

நாங்கள் தங்கியிருந்த விடுதியின் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் புலம்பினோம். அவர் ரசீதை வாங்கி முதலில் நேரத்தைத்தான் பார்த்தார். 11:40. "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, ஓடுங்க" என்றார். 2019 ஏப்ரலில் இருந்து அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. 1,000 யூரோ மதிப்புக்கு உட்பட்ட பண மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் அதே கடையில் ரத்து செய்யலாம், காரணம் சொல்லவே தேவையில்லை. இரண்டு மணிக்குக் கவுன்டரில் நின்றோம். உள்ளே இருந்தவர் முதலில் முடியாது என்று தலையை ஆட்டினார். ரசீதையும் கைபேசியில் நேரத்தையும் கண்ணாடியோடு ஒட்டிக் காட்டி, "மூணு மணி நேரம் ஆகலை" என்று இரண்டு தடவை சொன்னதும் பேசாமல் ஒரு தாளை எடுத்து நீட்டினார். கையெழுத்து போட்டு 200 யூரோவையும் திரும்ப வாங்கினோம். இந்த ஒரு சட்டத்தைத் தெரிந்துகொண்டு போனாலே பயணத்தில் பாதிக் கவலை தீரும். ரசீதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கவுன்டர் வாசலில் நின்று "நான் நல்ல ரேட் தர்றேன்" என்று காதோடு சொல்பவர்களிடம் மட்டும் பேச்சே வேண்டாம். அவர்கள் தருவது பல நேரம் செல்லாத பழைய பெலாரஸ் ரூபிள் நோட்டு, அதற்கு எந்தச் சட்டமும் துணைக்கு வராது. ஏடிஎம்மில் எடுக்கும்போதும், 'உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்கிடட்டுமா' என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். ஆம் என்றால் அந்த இயந்திரம் வைத்ததுதான் விலை.

தெருவெல்லாம் சுருள் சுருளாகச் சுட்டு விற்கும் திர்தெல்நீக் இனிப்பைப் பழைய போஹீமிய, அதாவது செக் நாட்டுப் பலகாரம் என்று எழுதி வைத்திருப்பார்கள். ஸ்லோவாகியாவின் ஸ்கலிட்சா ஊர்தான் அதற்குப் பேர்போனது. ஆசைக்கு ஒன்று தின்னலாம், பாரம்பரியம் என்று நம்பி வரிசையில் நிற்க வேண்டாம்.

அந்த விடுதிப் பெண் செய்த இன்னொரு உதவியைச் சொல்லாமல் விடக்கூடாது. வரைபடத்தில் சதுக்கத்தையும் பாலத்தையும் கோட்டையையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டார். "இதுக்குள்ள பாருங்க, ரசியுங்க. சாப்பாட்டுக்கு வெளியே வந்துடுங்க" என்றார். மதியத்துக்கு 'பொலெத்னி மெனு' என்று சாக்பீஸில் எழுதிய பலகையைத் தேடச் சொன்னார். அது அலுவலகம் போகிறவர்களுக்கான மதிய உணவு. வார நாட்களில் பதினொன்றிலிருந்து இரண்டு மணி வாக்கில் முடிந்துவிடும், நேரத்தோடு போக வேண்டும். கார்லீன் பகுதியில் அப்படி ஒரு கடையில் ஸ்வீச்கோவா கிடைத்தது. மாட்டிறைச்சிக்கு மேல் கிரீம் குழம்பு, கூடவே கனமான மாவுருண்டைத் துண்டுகள், 175 கொருனா. வயிறு நிறைந்து சாயங்காலம் வரை பசியே இல்லை. சைவக்காரர்களுக்குப் பொரித்த சீஸும் பிரம்போராக் என்ற உருளைக்கிழங்கு அடையும் கைகொடுக்கும். அடையில் பூண்டும் மார்ஜோரம் இலையும் போடுகிறார்கள். எங்கள் சைவ நண்பன் மூன்று நாளும் அதைத்தான் தேடித் தேடித் தின்றான். ஆர்டர் கொடுக்கும்போது 'பெஸ் மாசா' என்று சொல்லுங்கள், கறி இல்லாமல் என்று அர்த்தம். அதோடு 'பெஸ் ஷுன்கி' என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், ஹாம் வேண்டாம் என்று.

வட்டத்துக்குள்ளும் நேர்மையான இடம் இல்லாமல் இல்லை. ஹுசோவா தெருவில் 'உ ஸ்லத்தேஹோ திக்ரா', தங்கப் புலி, இருக்கிறது. எழுத்தாளர் போஹுமில் ஹ்ரபால் வாடிக்கையாக உட்கார்ந்த பப். 1994-இல் செக் அதிபர் ஹாவெல் அமெரிக்க அதிபர் கிளின்டனை அழைத்துப் போனதும் இங்கேதான். மூன்று மணிக்குத் திறக்கும், அதற்கு முன்பே வாசலில் நிற்க வேண்டும். தினமும் வருபவர்களுக்கென்று மேசைகள் இருக்கும், அவர்கள் வந்தால் எழுந்துகொள்ள வேண்டியதுதான். பீரின் மேல் இரண்டு மூன்று விரல் கனத்துக்கு நுரை நிற்கும். நுரையைப் பார்த்து ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்காதீர்கள், அப்படி ஊற்றுவதுதான் அங்கே முறை. கிளாஸில் 0.5 என்று ஒரு கோடு பொறித்திருக்கும், அதைப் பாருங்கள் போதும்.

கடைசி ராத்திரி ஜிஷ்கோவ் பகுதியில், குழந்தைச் சிற்பங்கள் ஊர்ந்து ஏறும் தொலைக்காட்சிக் கோபுரத்துக்குக் கீழே ஒரு ஹோஸ்போடாவுக்குப் போனோம். அக்கம்பக்கத்து ஆட்கள் வரும் பப்பை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். நீள மேசையில் இரண்டு முதியவர்கள் இருந்தார்கள். இடம் இருக்கிறதா என்று சைகையில் கேட்டதும் நகர்ந்து உட்கார்ந்தார்கள். கடைக்கார அம்மா எதுவும் பேசாமல் எங்கள் முன்னால் ஒரு துண்டுச் சீட்டை வைத்தார். ஒவ்வொரு பீர் வரும்போதும் அதில் பென்சிலால் ஒரு கோடு. என்ன ஆகிறது என்பது எந்நேரமும் நம் கண் முன்னாலேயே இருந்தது. தொட்டுக்கொள்ள, எண்ணெயிலும் வெங்காயத்திலும் ஊறப்போட்ட ஹெர்மெலீன் சீஸ் ஒன்று. வினிகரில் ஊறிய உதோபெனெட்ஸ் சாஸேஜ் ஒன்று, அந்தப் பேருக்கு மூழ்கிப்போனவன் என்று அர்த்தமாம். போதும் என்றபோது பீர் அட்டையை எடுத்துக் கிளாஸ் மேல் வைத்தோம். 'ஸப்லாதீமெ', பணம் கட்டுகிறோம் என்றேன்.

அம்மா கோடுகளை எண்ணினார். ஆறு. 58 வீதம் 348, சீஸ் 89, சாஸேஜ் 85. சீட்டின் அடியில் 522 என்று எழுதி எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். உட்கார்ந்ததற்குக் காசு இல்லை, சேவைக் கட்டணம் இல்லை. 570 எடுத்துக்கொள்ளச் சொன்னோம். ஈரோட்டு நண்பன் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கி, மடித்து, பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துக்கொண்டான்.