உணவு அட்டைக்கு முழு மதிப்பெண், மாத்திரைப் பெட்டிக்கு இல்லை

நாகர்கோவிலில் உள்ள ஓர் உணவு ஆலோசனை மையம், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கென ஆறு வாரத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. கட்டணம் 6,500 ரூபாய்; அவர்கள் தரும் சத்து மாத்திரைப் பெட்டிக்குத் தனியாக 3,800 ரூபாய். ஆறு வாரமும் முழுமையாகப் போய்வந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மையத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே வகைத் திட்டங்களை மார்த்தாண்டத்திலும் திருவனந்தபுரத்திலும் விளம்பரப்படுத்துகிறார்கள் என்பதால், எதற்குப் பணம் கொடுக்கலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதே படிப்பவர்களுக்குப் பயன்படும்.

எனக்கு வயது 68. தக்கலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். பத்து ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கிறேன். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு காலை, பால் வாங்கிவிட்டுப் படியேறியபோது வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கியது. திண்ணையில் உட்கார்ந்து மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தேன். இரண்டு துடிப்புகள் நெருங்கி வந்தன. பிறகு ஒன்றுமே இல்லை. பிறகு மூன்று அடுத்தடுத்து வந்தன. எந்தக் கணக்குக்கும் அது அடங்கவில்லை. ஈ.சி.ஜி. எடுத்ததில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று தெரிந்தது. இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை அது. இரத்தம் அங்கே தேங்கி, குறிப்பாக இடது மேலறையின் சிறு பைபோன்ற பகுதியில் கட்டியாகி, மூளைக்குப் போய் அடைத்துக்கொண்டால் பக்கவாதம் வருகிறது. இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஆகவே இதய மருத்துவர், துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மெட்டோபுரோலாலும், இரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்சபான் 5 மில்லிகிராம் மாத்திரையும் எழுதிக்கொடுத்தார். அபிக்சபான் காலையும் இரவும் என நாளுக்கு இரண்டு வேளை. முன்பே வேறொருவர் சொல்லி நான் தினமும் போட்டுவந்த ஆஸ்பிரினும் அந்தப் பட்டியலில் தொடர்ந்தது. இத்தனை மாத்திரைகள் தேவைதானா, சாப்பாட்டினால் ஏதும் செய்ய முடியாதா என்ற கேள்வியோடுதான் அந்த மையத்தின் படியேறினேன். கேள்வி தவறானது என்று இன்றும் நான் நினைக்கவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே மிக நல்லது. அங்கே உணவு ஆலோசகராக இருக்கும் பெண் நம் ஊர்ச் சமையலை உள்ளும் புறமும் அறிந்தவர். ஓட்ஸ் சாப்பிடுங்கள், ஆலிவ் எண்ணெய் வாங்குங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மனைவியை உடன் அழைத்து வரச் சொன்னவர், அவரிடம் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "ஒரு கிலோ உப்புப் பொட்டலம் உங்க வீட்டுல எத்தனை நாள் வரும்மா?" நாற்பது நாள் வரும் என்றார் என் மனைவி. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆலோசகர் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆளுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டரை கிராம் வந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவோ 5 கிராமுக்குள். மீன் கழுவுவதற்குப் போகும் உப்பைத் தள்ளிவிட்டாலும், கருவாடு, நார்த்தங்காய் ஊறுகாய், பப்படம் இவற்றில் வெளியிலிருந்து வரும் உப்பை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை என்றும் சொன்னார். இரத்த அழுத்தம் இந்தத் துடிப்புக் கோளாறை வளர்க்கும் முதன்மைக் காரணங்களில் ஒன்று என்பதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். உப்புப் பொட்டலத்தை வைத்துச் சொன்னபோதுதான் அது எங்கள் அடுக்களைக்குள் வந்தது.

அவர் எழுதிக்கொடுத்த உணவு அட்டையும் அதே தரத்தில் இருந்தது. மரச்சீனிக் கிழங்கைத் தடை செய்யவில்லை. கிழங்கு தின்கிற நேரத்தில் சோறு வேண்டாம், கிழங்கும் மீன்கறியுமே ஒரு வேளை உணவு என்று எழுதியிருந்தார். இரவுக்குச் சம்பா அரிசிக் கஞ்சியும் சிறுபயறும், ஏழரை மணிக்குள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் சிலருக்குத் துடிப்பு தடுமாறத் தொடங்கும் என்று விளக்கினார். எனக்கு வந்த இரவுத் தொல்லைகளில் பாதி கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தவை என்பது அப்போது நினைவுக்கு வந்தது. சாளையும் நெத்திலியும் வாரம் மூன்று நாள், பொரிக்காமல் குழம்பாக. மாலையில் ஏத்தங்காய் வற்றலுக்குப் பதில் ஒரு மட்டிப் பழம். மது அருந்துவோருக்கான குறிப்பும் அட்டையில் இருந்தது. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. என்றாலும், வழக்கமாகக் குடித்துவந்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிகள் குடியை நிறுத்தியபோது கோளாறு திரும்ப வருவது குறைந்ததாக 2020இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது என்பதால், அந்தக் குறிப்பு இருப்பது சரியே.

எடை விஷயத்தில் அவர் காட்டிய பிடிவாதத்துக்கும் அடிப்படை இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 355 நோயாளிகளை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த லெகசி என்ற ஆய்வு 2015இல் வெளியானது. உடல் எடையில் பத்து விழுக்காடோ அதற்கு மேலோ குறைத்து, அதைத் தக்கவைத்துக்கொண்டவர்கள் துடிப்புக் கோளாறின்றி இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு அதிகம் என்று அது கண்டது. நான் 78 கிலோவில் தொடங்கி ஆறு வாரத்தில் 74 கிலோவுக்கு வந்தேன். காலை நேர இரத்த அழுத்தமும் இறங்கியது. இதற்குக் கொடுத்த 6,500 ரூபாயில் ஒரு ரூபாய்கூட வீணில்லை என்று மனதாரச் சொல்வேன்.

குறட்டை விடுவீர்களா என்று மட்டும் அவர்கள் படிவத்தில் ஓரிடத்திலும் கேட்கவில்லை. உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயும் இந்தக் கோளாறும் கைகோத்து வருபவை, கேட்டிருக்க வேண்டும்.

இனி மாத்திரைப் பெட்டி. அதில் மீன் எண்ணெய், மக்னீசியம், கோஎன்சைம் க்யூ10, மஞ்சள் சாறு என நான்கு குப்பிகள் இருந்தன. மீன் எண்ணெய் நாளுக்கு நான்கு. "இதயத்துக்கு நல்லது" என்று குப்பியிலேயே அச்சிட்டிருந்ததால் நானும் நம்பித்தான் விழுங்கினேன். பின்னர் தேடிப் படித்தபோது தெரிந்துகொண்டதை இங்கே பதிந்துவைக்கிறேன். 25,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2021இல் வெளியான வைட்டல் ரிதம் ஆய்வில், மீன் எண்ணெயோ வைட்டமின் டி மாத்திரையோ ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வராமல் தடுக்கவில்லை. மீன் எண்ணெயிலிருந்து சுத்திகரித்து எடுத்த மருந்தை நாளுக்கு 4 கிராம் கொடுத்துப் பார்த்த ரெட்யூஸ்-இட் ஆய்விலோ, மாரடைப்பு போன்றவை குறைந்தபோதும், இதே துடிப்புக் கோளாறுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் மருந்து எடுத்தவர்களில் 3.1 விழுக்காடு, எடுக்காதவர்களில் 2.1 விழுக்காடு. எந்தக் கோளாறுக்காக இந்தப் பெட்டியை விற்கிறார்களோ, அதிக அளவில் எடுத்தால் அந்தக் கோளாறையே கூட்டக்கூடிய ஒன்று முதல் குப்பியில் இருக்கிறது. குளச்சலில் இறங்கும் சாளையைக் குழம்பு வைத்துச் சாப்பிடுவது வேறு, அதன் எண்ணெயைச் செறிவாக்கி நான்கு உருண்டைகளாக விழுங்குவது வேறு என்பதை அந்த ஆலோசகரே நன்றாக அறிவார். ஆனால் பெட்டி விற்பவர் அவர் அல்ல.

மக்னீசியத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. உடலில் அது குறைந்திருந்தால் துடிப்புக் கெடும் என்பது உண்மை. நீர்மாத்திரை எடுப்பவர்களுக்குக் குறையவும் செய்யும். ஆனால் குறைந்திருக்கிறதா என்று இரத்தம் எடுத்துப் பார்க்காமலும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய கிரியேட்டினின் அளவைக் கேட்காமலும் கொடுத்தார்கள். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மக்னீசியம் உடலில் தேங்கும். மஞ்சள் சாற்றைப் பற்றி எனக்கு இன்னும் கூடுதலான மனக்குறை உண்டு. மீன்குழம்பில் போடும் மஞ்சளை யாரும் குறை சொல்லப்போவதில்லை. செறிவாக்கிய சாறோ இரத்தம் உறைவதைத் தானும் தாமதப்படுத்தக்கூடியது. மூன்றாம் வாரம் பல் துலக்கித் துப்பியபோது நுரையெல்லாம் சிவந்திருந்தது. தேங்காய்ச் சாக்கைத் தூக்கிய முன்கையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாய்ந்திருந்தது. அபிக்சபான், ஆஸ்பிரின், மீன் எண்ணெய், மஞ்சள் சாறு நான்கையும் ஒரே உடம்புக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல இயலாது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறவருக்கு இவற்றை விற்கும்முன் அந்த மருந்தின் பெயரையாவது கேட்டிருக்க வேண்டும்.

பெயர் கேட்காததன் விளைவு என் மைனிக்கு இன்னும் கடுமையாக நேர்ந்தது. அண்ணன் மனைவியான அவருக்குச் சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கிப்போய், அதன் தொடர்ச்சியாக இதே துடிப்புக் கோளாறு. அவர் எடுப்பது, இரத்தம் உறையாமல் தடுக்கும் பழைய வகை மருந்தான வார்ஃபரின். வால்வு சுருக்கம் உள்ளவர்களுக்குப் புதிய வகை மருந்துகளில் ஒன்றான ரிவராக்சபானைவிட இந்தப் பழைய வகையே மேல் என்று 2022இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வும் காட்டியிருக்கிறது. ஆனால் வார்ஃபரின், இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே சத்தைத் தடுத்து வேலை செய்யும் மருந்து. கீரையில் அந்தச் சத்து மிகுதி. என் எடை குறைந்ததைப் பார்த்து, நான் சொல்லித்தான் மைனியும் அங்கே சேர்ந்தார். எனக்குக் கொடுத்த அதே அட்டையை அவருக்கும் கொடுத்தார்கள். "தெனமும் முருங்கக்கீர தின்னச் சொல்லியிருக்காவ, தம்பி" என்று தொலைபேசியில் மகிழ்ச்சியோடுதான் சொன்னார். வீட்டுக் கொல்லையிலேயே மரம் நிற்கிறது. இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவை மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது, 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டியது, 1.5இல் இருந்தது. அந்த மூன்று வாரமும் அவர் ஏறக்குறையப் பாதுகாப்பின்றி இருந்திருக்கிறார். அவரை அங்கே அனுப்பியவன் நான் என்ற எண்ணம் எத்தனையோ இரவுகள் என்னை உறங்கவிடவில்லை. அபிக்சபான் எடுக்கும் எனக்குக் கீரையால் தொல்லை இல்லை, வார்ஃபரின் எடுக்கும் அவருக்கு உண்டு; ஒரே நோய், ஒரே ஊர், ஒரே கீரை, மாத்திரை மட்டும் வேறு.

ஐந்தாம் வாரத்தில் 'மருந்துக் குறைப்பு ஆலோசனை' என்ற அமர்வு. என் துடிப்புக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த மைய நிர்வாகி, "இப்போ துடிப்பு சீராயிட்டு, சார். ரத்தம் கட்டாத மாத்திரைய ராத்திரி மட்டும் போட்டாப் போதும், உங்க வயசுக்கு அதுவே அதிகம்" என்றார். குரலில் அக்கறை இருந்தது. வஞ்சகம் இருந்ததாக நான் கருதவில்லை. ஆனால் அவர் சொன்னது ஆபத்தான பிழை. துடிப்பு சீராக இருப்பதாக நாம் உணர்வதும் கட்டி உருவாகாமல் இருப்பதும் ஒன்றல்ல. கோளாறு உணராமலேயே வந்துபோகும். 4,060 பேரை வைத்து நடத்தி 2002இல் வெளியான அஃபர்ம் ஆய்வில், துடிப்பைச் சீராக்கும் சிகிச்சை பெற்றவர்களுக்கும் பக்கவாதம் குறைந்துவிடவில்லை. பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் வார்ஃபரினை நிறுத்தியவர்களும், அது போதிய அளவில் வேலை செய்யாதிருந்தவர்களுமே. அபிக்சபானோ ஒரு நாளுக்குள் உடலிலிருந்து பெரும்பகுதி இறங்கிவிடும் மருந்து. இரவு மட்டும் போட்டால் ஒவ்வொரு நாளும் பகல் முழுக்கப் பாதுகாப்பு தேய்ந்துகொண்டே போகும்.

நல்லவேளையாக அன்றிரவே குறைக்காமல், மறுவாரம் மருத்துவரிடமே கேட்டேன். கோபப்படுவார் என்று எண்ணியிருந்தேன். அவர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார். அபிக்சபானைப் பாதியாக்க விதி இருக்கிறதாம். வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், கிரியேட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல், இந்த மூன்றில் இரண்டு பொருந்தினால் 2.5 மில்லிகிராம். அப்போதும் இரண்டு வேளை. எனக்கு 68, 74 கிலோ, 1.0, ஒன்றும் பொருந்தவில்லை. பிறகு என் மருந்துச் சீட்டை மேலிருந்து கீழாக மறுபடி படித்துவிட்டு, "ஆஸ்பிரின் யார் தொடரச் சொன்னது?" என்று அவரே கேட்டார். எனக்கு ஸ்டென்ட் வைக்கவில்லை, மாரடைப்பும் வந்ததில்லை. அபிக்சபானோடு அது சேர்ந்தால் பலன் கூடாது, இரத்தக்கசிவுதான் கூடும் என்று சொல்லி அதை அடித்தார். நான்கு குப்பிகளையும் அன்றே நிறுத்தச் சொன்னார். இரண்டு வாரத்தில் ஈறில் இரத்தம் நின்றது. மாத்திரையைக் குறைக்க வேண்டும் என்று நான் விரும்பியது நடந்தது. குறைந்தது, குறைய வேண்டிய மாத்திரை.

இந்தத் திட்டத்தில் சேர விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது: உணவு அமர்வுகளுக்கு மட்டும் பணம் கட்டுங்கள், தனியாகக் கட்ட அங்கே வழி இருக்கிறது, கேட்டால்தான் சொல்வார்கள். போகும்போது மருந்துச் சீட்டையும் கடைசி இரத்தப் பரிசோதனையையும் கையில் எடுத்துச் சென்று, அவர்கள் கேட்காவிட்டாலும் ஆலோசகரின் மேசைமேல் வையுங்கள். தைராய்டு பார்க்காதவர்கள் முதலில் அதைப் பாருங்கள். அது மிகையாக வேலை செய்தாலும் இதே கோளாறு வரும். பெட்டியை வாங்க வேண்டாம். ஐந்தாம் வார அமர்வுக்குப் போக வேண்டாம்.

மைனியோடு நான் மீண்டும் ஒருமுறை அந்த ஆலோசகரைப் பார்க்கப் போனேன். நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. மைனியின் மருத்துவரிடம் தொலைபேசியில் பேசிவிட்டு, அட்டையைக் கிழித்துப் புதிதாக எழுதினார். கீரையை நிறுத்தவில்லை. செவ்வாய், வெள்ளி இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் ஒரே அளவு, வாரத்துக்கு வாரம் மாறக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதி, அளவுக்கு ஒரு சிறு எவர்சில்வர் கிண்ணத்தையும் மைனியின் கையில் கொடுத்தார். போன மாதம் ஐ.என்.ஆர். 2.4.