அரியமான் மணலில் மெட்டல் டிடெக்டர்: இரண்டு மெஷின் வாங்கிய பிறகு எழுதுவது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ராமநாதபுரம் கடற்கரையில் தேடுவதற்காகத்தான் மெட்டல் டிடெக்டர் வாங்கப் போகிறீர்கள் என்றால், ஒரே ஃப்ரீக்வென்சியில், அதாவது ஒரே அதிர்வெண்ணில், வேலை செய்கிற மலிவு மெஷின் வேண்டாம். கொஞ்சம் பொறுத்துப் பணம் சேர்த்து, ஒரே நேரத்தில் பல ஃப்ரீக்வென்சிகளில் வேலை செய்கிற மல்டி ஃப்ரீக்வென்சி மெஷினாக வாங்குங்கள். நான் இரண்டையும் வாங்கி, இரண்டையும் அரியமான் மணலில் மாதக்கணக்கில் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

முதல் மெஷின் ஆன்லைனில் வாங்கியது, 7,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. பெயர் வேண்டாம், அதே மெஷின் பல பெயர்களில் விற்கிறது. வீட்டுக் கொல்லையில் அருமையாக வேலை செய்தது. தென்னை மரத்தடியில் 5 ரூபாய் நாணயத்தை நாலு விரற்கடை ஆழத்தில் புதைத்து வைத்துப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் கணீரென்று காட்டியது. அந்தச் சந்தோஷத்தோடு மறுநாள் விடியற்காலையில் அரியமான் போனேன். சவுக்குத் தோப்பை ஒட்டிய காய்ந்த மணலில் ஒரு குறையும் இல்லை. அலை நனைத்துவிட்டுப் போன மணலுக்கு இறங்கியதும் நிற்காமல் கத்த ஆரம்பித்தது. தூக்கினால் அமைதி, இறக்கினால் கத்தல். சென்சிட்டிவிட்டியை, அதாவது உணர்திறனை, பாதி அளவுக்கும் கீழே குறைத்தால் சத்தம் அடங்கும், ஆனால் அப்போது மணலுக்கு மேலேயே கிடக்கிற நாணயத்தைத் தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது. விற்றவர்களைக் கேட்டால், கடற்கரைக்கும் நல்லாப் போகும் சார், செட்டிங் மாத்திப் பாருங்க என்றார்கள், அதோடு பேச்சு முடிந்தது. வாங்குவதற்கு முன்பே உப்பு ஈரத்தைப் பற்றி யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

விஷயம் இதுதான். கம்பியின் அடியில் வட்டமாக இருக்கிற காயில், அதாவது மின்கம்பிச் சுருள், ஒரு காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அது உலோகத்தில் பட்டதும் அதற்குள் சின்னதாக ஒரு சுழல் மின்னோட்டம் உண்டாகி, அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு புலத்தைத் திருப்பி அனுப்பும், கொஞ்சம் தாமதமாக. அந்தத் தாமதம் ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒவ்வொரு மாதிரி என்பதால் மெஷின் அதை ஓர் எண்ணாக மாற்றித் திரையில் காட்டுகிறது. உப்புத் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும் இல்லையா, அதனால் ஈர மணல் முழுவதுமே ஒரு பெரிய உலோகத் தகடு போல அதற்குத் தெரிகிறது. ஒரே ஃப்ரீக்வென்சியை மட்டும் வைத்துக்கொண்டு உப்பையும் உலோகத்தையும் பிரிப்பது கஷ்டம். பல ஃப்ரீக்வென்சிகளை ஒரே நேரத்தில் அனுப்பும் மெஷின் அவற்றை ஒப்பிட்டு உப்பின் பங்கைக் கழித்துவிடும். பல்ஸ் இண்டக்‌ஷன் என்று இன்னொரு வகை இருக்கிறது, அதுவும் உப்பை நன்றாகத் தாங்கும், ஆனால் இரும்பையும் மற்றதையும் சரியாகப் பிரித்துச் சொல்லாது, எல்லாவற்றையும் தோண்ட வேண்டிவரும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது சரிப்படாது என்பது என் கருத்து.

இரண்டாவது மெஷின் மைன்லேப் வான்குவிஷ் 340. ஆஸ்திரேலிய நிறுவனம். துபாயிலிருந்து லீவுக்கு வந்தபோது மச்சான் கொண்டுவந்தார், நம் பணத்துக்கு 20,000 ரூபாயை ஒட்டி ஆனது. எடை 1.2 கிலோதான், இரண்டு மணி நேரம் ஆட்டினாலும் தோள் வலிக்கவில்லை. நாலு பென்சில் செல் போதும். காயின், ஜுவல்லரி, ஆல் மெட்டல் என்று மூன்று பட்டன், பெட்டியைப் பிரித்த பத்தாவது நிமிடம் மணலில் இறங்கிவிடலாம். ஈர மணலில் முதல்முறை இறக்கியபோது அந்த அமைதியே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அலை வந்து காயிலை மூடும்போது லேசாக முணுமுணுக்கும், அவ்வளவுதான்.

வாங்குமுன் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். காயில் மட்டும்தான் ஒரு மீட்டர் ஆழம் வரை தண்ணீரைத் தாங்கும், மேலே இருக்கிற திரையும் பட்டனும் உள்ள பெட்டி தாங்காது, ஆகவே முழங்கால் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம், சரியான புள்ளியைக் காட்டும் பின்பாயிண்ட் வசதி இந்த மாடலில் இல்லை, அதற்கு அடுத்த மாடலான 440-இல்தான் வருகிறது. குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை ஆட்டினால் இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் பொருள் இருக்கும். ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

இனி சொல்வதை வெளிநாட்டு வீடியோக்களில் பார்க்க முடியாது. அவர்கள் காயின் மோடில் வைத்துக்கொண்டு போவார்கள், அவர்கள் நாணயத்துக்கு அது சரி. நம் நாணயம் வேறு. 1992-இலிருந்து வந்த 1 ரூபாய் நாணயம் காந்தத்தில் ஒட்டுகிற ஸ்டீல், 2005-க்குப் பிறகு வந்த 2 ரூபாயும் அப்படியே. காந்தம் வைத்துப் பாருங்கள், டக்கென்று ஒட்டும். இரும்பை ஒதுக்கும் அந்த மோடில் வைத்தால் இவற்றில் பாதி காதுக்கு வராமலே போய்விடும், வந்தாலும் எண் ஓர் இடத்தில் நிற்காமல் தாவும். மஞ்சள் நிற 5 ரூபாய் நிலையாக நிற்கும், 10 ரூபாயும் அப்படித்தான். பழைய வெண்கலப் பைசா, நடுவில் துளையுள்ள ஓட்டைக் காலணா இவையெல்லாம் தெளிவாகப் பேசும். அதனால் முதல் வேலையாக வீட்டில் ஒரு தொட்டி மணலில் எல்லா நாணயத்தையும், ஒரு மெட்டியையும், ஒரு தங்க மோதிரத்தையும், ஒரு சோடா மூடியையும், மாத்திரை அட்டையையும் தனித்தனியாகப் புதைத்து எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மோதிரமும் மாத்திரை அட்டையும் எவ்வளவு பக்கத்தில் நிற்கின்றன என்று அப்போது தெரியும். குப்பை என்று நினைத்து அந்த எண்ணை ஒதுக்கினால் தங்கத்தையும் சேர்த்து ஒதுக்குகிறீர்கள். மெல்லிய சங்கிலியும் மூக்குத்தியும் எந்த மெஷினுக்கும் கஷ்டம்தான். சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியையும் அது தனித்தனிச் சின்னப் பொருளாகத்தான் பார்க்கிறது.

நம் கரையில் அதிகம் கிடைப்பது வலை ஈயம், மீன் வலை தண்ணீரில் அமிழ்வதற்காகக் கட்டுகிற ஈயக் கட்டி. அதன் எண்ணும் மோதிரத்தின் எண்ணுக்குப் பக்கத்திலேயே வரும், ஏமாற்றமாக இருந்தாலும் தோண்டத்தான் வேண்டும். வள்ளத்து ஆணி, சோடா மூடி, தூண்டில் முள் எல்லாம் வரும், செருப்பில்லாமல் போகாதீர்கள். நான் ஓர் ஓலைக்கொட்டான் எடுத்துக்கொண்டு போவேன், எடுத்த குப்பை எல்லாம் அதில்தான், ஒன்றைக்கூடத் திரும்ப மணலில் போடுவதில்லை.

இடத்தைப் பொறுத்தும் வித்தியாசம் இருக்கிறது. பாக் நீரிணைப் பக்கம், அதாவது நம்மவர்கள் சொல்கிற பெண்கடல், அமைதியானது. விழுந்த பொருள் விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மேலாகக் கிடக்கும். மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் கரையையே அரித்துப் புரட்டிப் போடும், நேற்று தேடிய இடம் இன்று வேறு இடம். நம் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான், எனவே கடல் வற்றும்போது வெளியே தெரிகிற மணல் சில அடி அகலம்தான். அந்தப் பட்டையிலும் முழங்கால் தண்ணீரிலும்தான் நம் தேட்டம் எல்லாம், அதனால்தான் மல்டி ஃப்ரீக்வென்சி என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பரமக்குடியிலிருந்து வந்த குடும்பம். குளிக்கும்போது அந்த வீட்டுப் பெண் ஒருவரின் மோதிரம் கழன்றுவிட்டது, கல்யாணத்தில் போட்டது. அவருடைய அம்மா என்னிடம் வந்து, "தம்பி, அந்த மெஷின்ல இதத் தேடிப் பார்க்க முடியுமாய்யா?" என்றார். "எல்லாரும் கரைக்கு வந்துருங்கம்மா, யாரும் மணல மிதிக்காதீங்க, அக்கா நின்ன எடத்த மட்டும் காட்டச் சொல்லுங்க" என்றேன். இரண்டு பக்கமும் குச்சி நட்டு, நடுவில் வரிசை வரிசையாக, ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூடும்படி நடந்தேன். முதலில் வலை ஈயம், அடுத்து சோடா மூடி, மறுபடி வலை ஈயம். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு மெல்லிய, ஆனால் நிலையான ஒரு சத்தம். அள்ளி அலசினால் மோதிரம். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இந்த மெஷினுக்கு நான் கொடுத்த பணம் அன்றைக்கே எனக்குத் திரும்பிவிட்டது.

எங்கே போகக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். அழகன்குளத்துக்கு மெஷினோடு போகாதீர்கள். வைகை கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில், தொல்லியல் துறை 1980-களிலிருந்து பலமுறை அகழாய்வு செய்த ஊர் அது, ரோமானிய நாணயமும், உருளையால் அலங்காரம் பதித்த ரௌலட்டட் பானை ஓடும் கிடைத்த மண். பெரியபட்டினமும் அப்படித்தான், சீனப் பீங்கான் கிடைத்த பழைய துறைமுகம். ஒரு நாணயம் எந்த மண் அடுக்கில், எதோடு சேர்ந்து கிடந்தது என்பதில்தான் அதன் கதை இருக்கிறது. நாம் தோண்டி எடுத்துப் பையில் போட்டால் அந்தக் கதை போனது போனதுதான், திரும்ப எழுத முடியாது. சட்டமும் இருக்கிறது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணில் மறைந்து கிடந்த 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் ஓராண்டு வரை சிறை. நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாணயம், சிற்பம் போன்றவை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். பழையது மாதிரி தெரிந்தால் தோண்டுவதை நிறுத்திவிட்டு வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா, அங்கே அனுமதி இல்லாமல் கால் வைக்கவே கூடாது. தனுஷ்கோடிப் பக்கம் வருடத் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமை முட்டையிட ஏறும், மணலைக் கிளறக் கூடாது. 1964 புயலில் போன ஊர் அது, இடிந்து நிற்கிற கோயிலையும் ஸ்டேஷனையும் சுற்றி மெஷினை ஆட்டுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

போலீஸ் கேட்பார்கள், கேட்கத்தான் செய்வார்கள். கடத்தல் தங்கத்தைக் கடலில் வீசுவதும் அதை முக்குளித்து எடுப்பதும் நடக்கிற கரை இது. நான் முதலிலேயே பக்கத்து ஸ்டேஷனில் போய் என்ன செய்கிறேன் என்று சொல்லி, ஆதார் நகலும் கொடுத்துவிட்டு வந்தேன், அதற்குப் பிறகு தொந்தரவு இல்லை. இருட்டில் போகாதீர்கள். இன்னொன்று, 2018-இல் தங்கச்சிமடத்தில் செப்டிக் டேங்குக்குத் தோண்டிய குழியில் பெட்டி பெட்டியாகப் பழைய தோட்டாக்கள் கிடைத்தது நினைவிருக்கும். துருப்பிடித்த பெட்டியோ உருளையோ தட்டுப்பட்டால் கை வைக்காமல் தள்ளி வந்து 100-க்கு அடியுங்கள்.

மற்றச் செலவு குறைவு. காய்ந்த மணலுக்குக் காய்கறி அலசுகிற பிளாஸ்டிக் கூடையே போதும், பிளாஸ்டிக் என்பதால் மெஷின் அதைப் பார்த்துக் கத்தாது. தண்ணீருக்கு மட்டும் ஸ்டீல் தகட்டில் துளை போட்ட அள்ளு கரண்டி வேண்டும், நான் பட்டறையில் சொல்லிச் செய்தேன். வீட்டுக்கு வந்ததும் காயிலையும் கம்பியையும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்து, செல்லைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

கடலில் ஏதாவது தொலைத்துவிட்டால், மெஷின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதலில் நின்ற இடத்துக்கு நேர் எதிரே கரையில் ஒரு குச்சியை நடுங்கள். கூட்டமாக இறங்கிக் காலால் துழாவாதீர்கள், மிதித்தால் மோதிரம் இன்னும் கீழேதான் போகும்.